இளைத்தது போதும் டீச்சர், இனி கால்களைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 61 வயது. தஞ்சாவூர். பள்ளி ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். உயரம் 155 செ.மீ. எட்டு மாதத்துக்கு முன்பு 69 கிலோ இருந்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் போடுகிறேன். உடம்பைக் குறைத்தே தீருவது என்று முடிவு செய்து, காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ரசம், ஒரு காய், சாயங்காலம் ஒரு டீ, இரவில் ஒரு கிண்ணம் பப்பாளி, ஒரு டம்ளர் மோர் என்று மாற்றிக்கொண்டேன். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். இப்போது 59 கிலோ. மூன்று மாத சராசரி சர்க்கரை 7.9-லிருந்து 6.8-க்கு இறங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் பார்ப்பவர்கள் எல்லாம் “டீச்சர், சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்களே” என்கிறார்கள்.

ஆனால் கொஞ்ச நாளாகத் தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது. குக்கரைத் தூக்கினால் கை நடுங்குகிறது. இவ்வளவு இளைத்தும் வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. இடுப்பளவு 91 செ.மீ. கல்யாணத்தின்போது 52 கிலோ இருந்தேன், அதற்கு வர ஆசை. அரிசியை அடியோடு நிறுத்திவிடட்டுமா? நடையை இரண்டு மணி நேரமாக்கட்டுமா? முட்டை சாப்பிடுவேன், கறி மீன் பழக்கமில்லை. மகள் தன்னோடு ஜிம்முக்கு வரச் சொல்கிறாள். இந்த வயதில் அதெல்லாம் சரிப்படுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் செய்து முடித்திருப்பது சின்ன வேலை இல்லை. 61 வயதில் பத்துக் கிலோ இறக்கி, மூன்று மாத சராசரியை 6.8-க்குக் கொண்டுவர எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதன் பலன் உங்கள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பல வருடம் கிடைக்கும்.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். 52 கிலோவை மறந்துவிடுங்கள். அரிசியை அடியோடு நிறுத்த வேண்டாம். நடையை இரண்டு மணி நேரமாக்கவும் வேண்டாம். எடை குறைக்கும் வேலையை இன்றோடு நிறுத்திவிட்டு, போன தசையைத் திரும்பச் சேர்க்கும் வேலையைத் தொடங்குங்கள். தரையிலிருந்து எழ முடியாதது, பஸ் படி, குக்கர் என்று மூன்று தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் தொடையிலும் இடுப்பிலும் தோளிலும் இருந்த தசை கணிசமாகக் கரைந்திருக்கிறது.

எடை மெஷினில் பத்துக் கிலோ குறைந்தால் பத்தும் கொழுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சாப்பாட்டைக் குறைத்து மட்டும் இளைக்கும்போது, போகிற எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது. அதில் முக்கியமானது தசை. சாப்பாட்டில் புரதம் குறைவாக இருந்து, தசைக்குக் கடினமான வேலையும் இல்லாவிட்டால் அந்தப் பங்கு இன்னும் கூடலாம். இதற்கு மேல் வயதும் இருக்கிறது. முப்பதைத் தாண்டியதிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தானாகக் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றுப் பக்கமாகச் சேரத் தொடங்குகிறது. இந்த நேரத்தில் அரைப்பட்டினி கிடந்து எடை குறைப்பது விதைநெல்லை எடுத்துச் சமைப்பது மாதிரி. அன்றைக்கு வயிறு நிறையும், அடுத்த போகத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

நம் உடல்வாகில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒல்லியாகத் தெரிகிறவர் உடம்பில் கொழுப்பு குறைவு என்று இந்தியர்கள் விஷயத்தில் நம்பிவிட முடியாது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் இருந்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு ஒன்றேதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்றும், இடுப்பளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்றும் எல்லையைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பி.எம்.ஐ. இப்போது 24.6. மோசமில்லை. இடுப்பளவு 91 என்பதுதான் அதிகம். ஆக, வயிற்றுக் கொழுப்பு இன்னும் குறைய வேண்டும், தசை கூட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும்போது எடை மெஷின் அசையாமல் நிற்கலாம், ஒரு கிலோ ஏறக்கூட ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். எடை மெஷினை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இஞ்ச் டேப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

“வயசானால் உடம்பு எரிக்காது டாக்டர், அதான் வெயிட் போடுது” என்று பலர் சொல்வார்கள். 2021-ல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. உடலின் அளவுக்கும் அதில் உள்ள தசைக்கும் ஏற்பக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் சக்தி 20 வயதிலிருந்து 60 வயது வரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் வீதம் குறைகிறது. நடுவயதில் போடுகிற எடைக்கு வயதைக் குறை சொல்ல இடமில்லை. வேலை குறைந்தது, உட்காருவது கூடியது, தசை போனது, சாப்பாடு மட்டும் அப்படியே இருந்தது. இதில் முக்கால்வாசி நம் கையில் இருக்கிற விஷயங்கள்.

இன்று வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். கை வைக்காத, சக்கரம் இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். உங்கள் முழங்கால் உயரம் இருந்தால் நல்லது. நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் பலம் சராசரிக்குக் குறைவு. ஆண்களுக்கு அந்த எல்லை 14. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கையே தேவையில்லை, பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் பதித்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளங்கள். ஆசியாவின் தசையிழப்பு நிபுணர்கள் 2019-ல் வகுத்த வழிகாட்டுதலின்படி பெண்களுக்கு 33 செ.மீ., ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் குறைந்தால் தசையிழப்பைச் சந்தேகிக்க வேண்டும். டேப் இல்லையென்றால் ஜப்பானில் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் எட்டாமல் இடைவெளி இருந்தால் நல்லது. வளையத்துக்குள் கால் லொடலொடவென்று இருந்தால் தசை குறைந்திருக்கிறது. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது சரியாகக் காட்டாது.

இந்த எண்களைத் தேதியோடு காலண்டரில் குறித்துவையுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் இந்தப் பகுதிதான். நீங்கள் எழுதியதை வைத்து ஒரு நாள் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் 6 கிராம். மதியச் சாதம், ரசம், காய் எல்லாம் சேர்த்து 7 கிராம். டீயில் உள்ள பால் 2 அல்லது 3. பப்பாளியில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நீர்மோரில் 2. மொத்தம் 20 கிராமைத் தொடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். உங்கள் எடைக்கு 60 முதல் 70 கிராம். அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டு மாதமாக உள்ளே போகவில்லை. உடம்பு அந்தக் குறையை உங்கள் தொடையிலிருந்துதான் எடுத்து ஈடுகட்டியிருக்கிறது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமில்லை. நம் வீடுகளில் கெட்டிப் பருப்பும் ஆடைத் தயிரும் முட்டையும் முதலில் வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கு மிஞ்சுவது சோறும் தெளிந்த ரசமும் மோரும்தான். இளைக்க வேண்டும் என்று வந்தால் அவள் குறைப்பதும் அந்த மிச்சத்தில்தான். அறுபது வயதில் ஒரு பெண் தனக்கென்று இரண்டு முட்டை வேகவைத்துக்கொள்வதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. வைத்துக்கொள்ளுங்கள், டீச்சர்.

உங்கள் பழக்கத்தை ஒட்டியே ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் அதே இரண்டு இட்லி, கூடவே இரண்டு வேகவைத்த முட்டை. மஞ்சள் கருவை எடுத்துப் போட வேண்டாம். சாம்பாரைக் கரண்டியால் அடிவரை கலக்கி, பருப்போடு எடுத்துக்கொள்ளுங்கள். மேலாகத் தெளிந்ததை ஊற்றிக்கொண்டால் புளித்தண்ணீரும் உப்பும்தான் வரும். இதில் 18 கிராம் ஆயிற்று. முட்டை வேண்டாத நாளில் பச்சைப்பயறு தோசை, அல்லது அரிசி ஒரு பங்குக்குப் பருப்பு இரண்டு பங்கு போட்டு அரைத்த அடை இரண்டு.

மதியம் ஒரு கப் சாதம் இருக்கட்டும். அதோடு பாசிப்பருப்போ கடலைப்பருப்போ போட்டுக் கெட்டியாக வைத்த கூட்டு, ஆளுக்கு 30 கிராம் பருப்பாவது விழுகிற மாதிரி. பருப்பு அளவை ஒரு நாள் உண்மையிலேயே நிறுத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு கைப்பிடி போட்டு, அதை நாலு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிட்டு, “தினமும் பருப்பு சேர்க்கிறேனே” என்று சொல்கிறவர்களே அதிகம். பிறகு ஒரு கிண்ணம் தயிர், 200 கிராம் வரை. மோராக்கிக் குடிக்காமல் தயிராகவே சாப்பிடுங்கள். ஒரு கீரையோ பொரியலோ. இதெல்லாம் சேர்ந்து 19, 20 கிராம் வரும். தட்டில் முதலில் காயும் கூட்டும் வைத்துக்கொண்டு, பிறகு சாதத்தைப் போட்டால் சாதம் தானாகவே அளவுக்குள் நிற்கும்.

நாலு மணிக்கு ஒரு கப் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை என்று மாற்றி மாற்றி. ஒன்றும் வேகவைக்க நேரமில்லையென்றால் ஒரு கை வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலை. ரஸ்க், பிஸ்கட் டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள். “சுகர் ஃப்ரீ” என்று எழுதியிருந்தாலும் அது மைதாதான்.

இரவில் ஒரு சப்பாத்தியோ ஓர் அடையோ, கூடவே 75 கிராம் பனீர் போட்ட காய்கறி. மீல்மேக்கரை நன்றாக ஊறவைத்துப் பிழிந்து காயோடு சேர்த்தாலும் சரி. உலர்ந்த மீல்மேக்கரில் பாதியளவு புரதம்தான். படுக்கும் முன் சர்க்கரையில்லாத பால் அரை டம்ளர். பப்பாளியைப் பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பழம்தான், இரவுச் சாப்பாடாக அது போதாது.

கூட்டிப் பார்த்தால் 65 கிராம் பக்கம் வரும். மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிடுவது முக்கியம். வயதான தசைக்கு ஒரு வேளையில் போதிய அளவு புரதம் சேர்ந்து கிடைத்தால்தான் அது நன்றாக எடுத்துக்கொள்கிறது. அதனால் காலையிலும் இரவிலும் விட்டுவிட்டு மதியம் மட்டும் சேர்ப்பதில் பலன் குறைவு.

“இவ்வளவும் சாப்பிட்டால் மறுபடியும் போட்டுவிடுமே” என்று நினைப்பீர்கள். வயிற்றை ஏற்றுகிறது எண்ணெயும் மாவுச்சத்தும் இனிப்பும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, ஒன்றரை முட்டைக்குச் சமம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து டீஸ்பூன் என்று கணக்கு வைத்தால் இரண்டு பேர் வீட்டுக்கு மாதம் ஒன்றரை லிட்டர் தாராளம். பாட்டிலில் தேதி எழுதிவைத்துப் பாருங்கள். எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

அரிசியைக் கேட்டீர்கள். அளவுதான் விஷயம். அரிசியை நிறுத்திவிட்டு இரண்டு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடிப்பதால் சர்க்கரை குறைந்துவிடாது, கஞ்சியாகக் கரைத்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ஏறும். கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்பது உண்மை. அதை அடையாக, தோசையாக, சாதத்துக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். புரத பவுடர் உங்களுக்குத் தேவையில்லை. அப்புறம் சீரகத் தண்ணீர், எலுமிச்சையும் தேனும், கொள்ளு ரசம் எல்லாம் ருசிக்காகக் குடிக்கலாம். வயிற்றைக் கரைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் தேனைத் தொடவே வேண்டாம்.

இதற்கு நடுவில் ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் நல்ல நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் புரதக் கணக்கு. பத்து வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பாதிக்கப்பட்டிருக்கலாம். சாப்பாட்டை மாற்றும் முன் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். சரியாக இல்லையென்றால் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனி உடற்பயிற்சி. நடை நல்லது, விடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்குவதால் தொடைத் தசை வளராது. தினம் பத்தாயிரம் காலடி என்ற கணக்கும் மருத்துவர்கள் சொல்லி வந்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள பெண்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2019-ல் வந்த ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போய் அதிகப் பலன் இல்லை. நீங்கள் 40 நிமிடம் நடங்கள். அதில் பத்து நிமிடமாவது பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். மிச்சம் பிடித்த இருபது நிமிடத்தைத் தசைக்குக் கொடுங்கள், வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

நாற்காலியிலிருந்துதான் தொடக்கம். சோதனைக்குப் போட்ட அதே நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு விலகி, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும் அளவு உடம்பை முன்னால் சாயுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நேராக நிமிர்ந்தபடியே எழ முயன்று, முடியாமல் தொப்பென்று பின்னால் விழுவார்கள். சாய்ந்ததும் குதிகாலைத் தரையில் அழுத்தி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுங்கள். முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றோடொன்று சேராமல், கால் விரல்கள் இருக்கும் திசையிலேயே போக வேண்டும். உட்காரும்போது மனசுக்குள் நாலு எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் தசைக்கு நல்ல வேலை இருக்கிறது. முதல் வாரம் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், மேஜையை லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். பத்து முறை, பிறகு ஒரு நிமிட ஓய்வு, மறுபடியும் பத்து.

பத்து முறை சுலபமாக வரும் நாளில் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பிறகு இரண்டு கிலோ அரிசிப் பை, பிறகு மூன்று கிலோ. கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும். அப்படி வராவிட்டால் தசைக்கு வளர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை என்று அர்த்தம். வருடக்கணக்காக அரைக் கிலோ டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் தெரியாமல் போவது இதனால்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி மார்பை அருகே கொண்டுபோய்த் தள்ளி வருவது தோளுக்கும் கைக்கும். கட்டைப்பையில் இரண்டு கிலோ போட்டு, குனிந்து ஒரு கையால் மேஜையைப் பிடித்தபடி, மறு கையால் பையை இடுப்பு வரை இழுப்பது முதுகுக்கு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. பால் காயும்போதே இதைச் செய்துவிடலாம். அங்கேயே ஒரு விரலை மேடையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழகுங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களிடம் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், எதையும் பிடிக்காமல் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களுக்கு அடுத்து வந்த வருடங்களில் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. நம் வயதில் விழாமல் இருப்பதைவிடப் பெரிய ஆரோக்கியம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களின் வீடுகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

தரையிலிருந்து எழுவதையும் தனியாகப் பழக வேண்டும். பாயில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, கையூன்றி, முழங்கால்களில் நில்லுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னால் வைத்து, நாற்காலியில் கை வைத்து எழுங்கள். தினம் மூன்று முறை போதும். சில வாரங்களில் நாற்காலி தேவைப்படாமல் போகும். கீழே உட்காருவதையே விட்டுவிடுகிறவர்கள் அந்தத் திறமையையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்கள். முழங்கால் தேய்மானம் அதிகமாகி டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இந்த வயதில் தசை வளருமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். 1990-ல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். அரைகுறை எடை இல்லை, அவர்களால் தூக்க முடிந்த அதிகபட்சத்தில் பெரும்பகுதி. கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஸ்கேனில் தொடைத் தசையும் பருத்திருந்தது. அவர்களோடு பார்த்தால் உங்களுக்கு முப்பது வயது குறைவு.

பயிற்சி செய்த மறுநாள் தொடையில் மந்தமான வலி இருந்தால் அது நல்லதற்குத்தான், இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். எதைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும்.

மருந்து விஷயத்தில் இரண்டு செய்திகள். மெட்ஃபார்மின் பல வருடம் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு. பி12 குறைவாலும் கால் தளரும், நடை தள்ளாடும். அதனால் பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், தைராய்டு நாலையும் பார்த்துவிடுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லையென்றால் ஒருமுறை எடுங்கள். உங்கள் தளர்ச்சி முழுக்கச் சாப்பாட்டால்தான் என்று இந்த முடிவுகளைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டாவது, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டீச்சர் மாதிரி இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைகிறவர்கள் சந்தோஷப்படாமல் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக ஜிம். மகளோடு தாராளமாகப் போங்கள். புடவையை விட்டுவிட்டுச் சுடிதாரும், வழுக்காத ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பயிற்சியாளர் உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால், கீழே விழுந்த அனுபவம் பற்றியெல்லாம் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். ஒன்றும் கேட்காமல் டிரெட்மில்லில் ஏற்றிவிட்டால் வேறு இடம் பாருங்கள். உட்கார்ந்து காலால் தள்ளும் மெஷின், உட்கார்ந்து இழுக்கும் மெஷின் இரண்டும் உங்களுக்குப் பொருத்தமானவை, விழுகிற பயமில்லை. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை, பவுடர் என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து நாற்காலிக் கணக்கையும் இடுப்பளவையும் எனக்கு எழுதுங்கள், பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.